இருதயம் தளர்ந்தவருக்கு எப்போது ஆறுதல் பராமரிப்பு?



மும்பையிலும் அதைப்போன்ற பெருநகரங்களிலும் உள்ள நம்முடைய குடும்பங்களில் ஒரு தலைமுறை முழுவதும் இப்போது முதுமையை எட்டியிருக்கிறது. 1960-களிலும் 1970-களிலும் தகரப்பெட்டியோடு ரயிலேறி வந்து, கிடைத்த வேலையைச் செய்து, நம்மை ஆளாக்கியவர்கள் அவர்கள். அவர்களில் அநேகருடைய இருதயம் இன்று தளர்ந்திருக்கிறது. சபையின் ஜெபக் குறிப்புகளைப் பாருங்கள். "மூச்சுத்திணறல் காரணமாக மறுபடியும் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம்" என்ற விண்ணப்பம் அடிக்கடி வருகிறது. ஒரே பெயர் ஒரே வருடத்தில் நான்கு, ஐந்து முறை வருவதும் உண்டு.

புற்றுநோய் முற்றியவரைக் குறித்து, "இனி வீட்டில் வைத்து நிம்மதியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல மருத்துவர்களும் உறவினர்களும் ஓரளவு பழகியிருக்கிறார்கள். இருதய நோயாளியைக் குறித்து அந்தப் பேச்சை எவரும் எளிதில் எடுப்பதில்லை. போன முறை பிழைத்து வந்தாரே, இந்த முறையும் வருவார் என்றே எல்லோரும் எண்ணுகிறோம். அவருடைய கடைசி நாட்கள் ஐ.சி.யு.வின் கண்ணாடிக் கதவுக்கு அப்பால், பிள்ளைகள் பக்கத்தில் இல்லாமல் கழிந்துபோகின்றன.

என் மாமனாரின் கடைசி ஐந்து மாதங்கள் அப்படிக் கழியவில்லை. அவரைப் பராமரித்த மருமகள் என்ற முறையில் நான் கண்டதையும், மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் கேட்டு அறிந்ததையும் இங்கே எழுதுகிறேன். இப்படிப்பட்ட பராமரிப்புக்கு ஏற்ற சமயம் எது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

படிப்படியாக இறங்கும் நோய்

மாமா 1964-ஆம் ஆண்டில், 18 வயதில், சாத்தான்குளம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பம்பாய்க்கு வந்தவர். பரேலில் பஞ்சாலை வேலை. 1982-ல் நடந்த பெரிய ஆலை வேலைநிறுத்தத்தோடு அந்த வேலை போயிற்று. அதன்பின் சைக்கிளில் அலுமினியப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு காலையில் இட்லி விற்றார். 2009-ல் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. ஸ்டென்ட் வைத்தார்கள். பல வருடங்கள் நன்றாகவே இருந்தார். பிறகு மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கத் தொடங்கியது. 2018-ல் எக்கோ பரிசோதனை செய்தபோது, "பம்பிங் 20 சதவீதம்தான் இருக்கிறது" என்றார்கள்.

இந்தப் "பம்பிங்" என்ற சொல்லை நாம் எல்லோரும் பயன்படுத்துகிறோம். இருதயத்தின் இடது கீழறையில் நிரம்பும் இரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளப்படுகிறது என்பதே அதன் பொருள். ஆரோக்கியமான இருதயத்திலும் முழுவதும் வெளியேறுவதில்லை. ஏறக்குறைய 55 முதல் 70 சதவீதம் வெளியேறும். இது குறையும்போது இரத்தம் பின்னோக்கித் தேங்குகிறது. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ள மூச்சுத் திணறுகிறது. கால்களில் நீர் இறங்கி வீங்குகிறது. சிறுநீரகத்திற்குப் போதிய இரத்தம் போகாததால் அதுவும் பழுதடைகிறது. சிலருக்குப் பம்பிங் அளவு சரியாக இருந்தும், இருதயத் தசை விறைத்துப்போனதால் இதே நிலை உண்டாகும். ஆகையால் ஒரு எண்ணை மாத்திரம் வைத்து எதையும் தீர்மானிக்கக்கூடாது.

முற்றிய புற்றுநோய் பெரும்பாலும் சில வாரங்களில் வேகமாக இறங்கும். இருதயச் செயலிழப்பு அப்படியல்ல. படிக்கட்டு இறங்குவதுபோல இறங்கும். ஒரு நெருக்கடி வரும், மருத்துவமனைக்குப் போவார், நீரை வெளியேற்றுவார்கள், திரும்பி வருவார். ஆனால் முன்பு நின்ற படிக்கு அவர் ஏறி வருவதில்லை. அதற்குக் கீழே உள்ள படியில் நிற்பார். மாமாவுக்கு 2018 ஜூன் முதல் 2019 ஏப்ரல் வரை நான்கு முறை அப்படி நடந்தது. முதல் முறை திரும்பியபின் ஞாயிறு ஆராதனைக்கு நடந்தே வந்தார். இரண்டாம் முறைக்குப்பின் ஆட்டோவில் வந்தார். மூன்றாம் முறைக்குப்பின் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான்காம் முறைக்குப்பின் கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போகும் பத்து அடி தூரத்தில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். இரவில் படுக்க முடியாமல், தலையணைகளை அடுக்கி அவற்றின்மேல் சாய்ந்தபடியே விழித்திருந்தார்.

அந்த நான்காம் முறையில் 9 நாட்கள் ஐ.சி.யு.வில் இருந்தார். வெளியே வந்ததும், "இனிமேல் என்னை அந்த அறைக்குள்ளே அனுப்பாதீங்க. பகலா ராத்திரியான்னு தெரியல. உங்க யார் முகமும் தெரியல" என்றார்.

ஹாஸ்பிஸ் என்பது என்ன?

ஹாஸ்பிஸ் என்றால் சாகப்போகிறவர்களைக் கொண்டுபோய் விடும் இடம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இக்காலத்து ஹாஸ்பிஸ் இயக்கத்தைத் தொடங்கியவர் சிசிலி சாண்டர்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி. செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து, பின்பு மருத்துவப் படிப்பும் முடித்த அவர், 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். உடல் வலியோடு மனவேதனை, குடும்பத்தின் கவலை, ஆத்துமாவின் கலக்கம் யாவையும் சேர்த்தே கவனிக்க வேண்டும் என்பது அவர் கற்பித்த பாடம். நம் நாட்டின் முதல் ஹாஸ்பிஸ் 1986-ல் இதே மும்பையில், பாந்த்ராவில் தொடங்கிய சாந்தி அவேத்னா சதன். அது முற்றிய நிலையிலுள்ள புற்றுநோயாளிகளுக்காக ஏற்படுத்தப்பட்டது. இந்தியாவில் ஹாஸ்பிஸ் என்ற பெயரில் உள்ள இல்லங்களில் பெரும்பாலானவை புற்றுநோயாளிகளை மனதில் வைத்து உருவானவையே.

ஆகையால் இருதய நோயாளிக்கு ஹாஸ்பிஸ் என்பது பெரும்பாலும் ஒரு கட்டடமாக இராது. வீட்டிலேயே கொடுக்கப்படும் ஒருவகைப் பராமரிப்பாகவே இருக்கும். இதை நான் "ஆறுதல் பராமரிப்பு" என்று அழைக்கிறேன். மருத்துவமனைகளில் "பாலியேட்டிவ் கேர்" என்ற பெயரில் விசாரிக்க வேண்டும். இரண்டுக்கும் சிறு வித்தியாசம் உண்டு. பாலியேட்டிவ் கேர் என்பது நோய் கண்ட நாள் முதல், மற்றச் சிகிச்சைகளோடு சேர்த்தே பெறக்கூடியது. ஹாஸ்பிஸ் என்பது அதன் கடைசிப் பகுதி; ஆயுளை நீட்டிக்கச் செய்யும் கடினமான சிகிச்சைகளால் இனிப் பயனில்லை என்ற நிலையில், அல்லது நோயாளி அவற்றை இனி விரும்பாத நிலையில், சுகமாக மூச்சுவிடுவதையும் நிம்மதியாகத் தூங்குவதையும் முதன்மையாக வைக்கும் பராமரிப்பு.

இதனால் ஆயுள் குறைந்துவிடுமோ என்ற பயம் இயல்பானது. அமெரிக்காவில் 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், ஹாஸ்பிஸ் பராமரிப்பில் இருந்த இருதயச் செயலிழப்பு நோயாளிகள் மற்றவர்களைவிடச் சராசரியாக 81 நாட்கள் கூடுதலாகவே வாழ்ந்திருந்தார்கள். ஹாஸ்பிஸ்தான் ஆயுளைக் கூட்டியது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அது ஆயுளைக் குறைக்கிறது என்ற பயத்திற்கு இங்கே ஆதாரமில்லை. 2017-ல் அங்கேயே 150 நோயாளிகளை வைத்துச் செய்யப்பட்ட மற்றொரு ஆய்வில், வழக்கமான இருதயச் சிகிச்சையோடு பாலியேட்டிவ் கேரும் பெற்றவர்கள் மனச்சோர்வும் கவலையும் குறைந்து, நாட்களை மேலான விதத்தில் கழித்தார்கள் என்று கண்டார்கள்.

ஏற்ற சமயம் எது?

முதலாவது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூச்சுத்திணறும் ஒவ்வொருவரும் கடைசி நிலையில் இருப்பவர் அல்ல. மாத்திரையை நிறுத்தியதால் வந்ததா? ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்ததால் நீர் கோத்ததா? இரத்தசோகையா, தைராய்டா? சரிசெய்யக்கூடிய வால்வுப் பழுதோ அடைப்போ இருக்கிறதா? விசேஷ பேஸ்மேக்கர் வைத்தால் பயன் உண்டா? வயதும் உடலும் இடங்கொடுத்தால் இருதய மாற்று அறுவைக்கு வழி உண்டா? இவற்றை எல்லாம் இருதய மருத்துவரிடம் கேட்டு, "செய்யக்கூடியது எல்லாம் செய்தாகிவிட்டது" என்ற பதில் வந்தபின்னரே அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்.

அதன்பின் கவனிக்க வேண்டிய அடையாளங்கள் இவை:

1. சரியான மருந்துகளைச் சரியாக உட்கொண்டும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல். உடை மாற்றுவதும் பேசுவதும்கூடக் களைப்பாயிருத்தல்.

2. ஆறு மாதம் அல்லது ஒரு வருடத்திற்குள் பலமுறை மருத்துவமனையில் சேர்ந்து, ஒவ்வொரு முறையும் முன்பைவிடப் பலவீனமாகத் திரும்புதல்.

3. இரத்த அழுத்தம் மிகவும் தாழ்வதாலோ சிறுநீரகம் பழுதடைவதாலோ, இருதயத்திற்கான மருந்துகளையே குறைக்க வேண்டிய நிலை வருதல்.

4. நீர் மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போயும் வீக்கம் வடியாதிருத்தல்.

5. பசியற்றுப்போய், தசை கரைந்து, உடல் மெலிந்துபோதல்.

6. நாளின் பெரும்பகுதியைக் கட்டிலிலோ நாற்காலியிலோ கழித்து, எல்லாவற்றிற்கும் பிறர் உதவியை நாடுதல்.

7. எல்லாவற்றையும்விட முக்கியமானது: நோயாளியே, "இனி மருத்துவமனை வேண்டாம்" என்று தெளிந்த மனதோடு திரும்பத் திரும்பச் சொல்லுதல்.

இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து காணப்பட்டால் பேசுவதற்கு வேளை வந்துவிட்டது. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீட்டில் ஹாஸ்பிஸ் பெற, நோய் இயல்பாகச் சென்றால் ஆறு மாதத்திற்குமேல் இருக்கமாட்டார் என்று மருத்துவர்கள் சான்று தர வேண்டும். நம் நாட்டில் அப்படிப்பட்ட விதி இல்லை. இருதய நோயில் மாதக்கணக்கைச் சரியாகச் சொல்லவும் எவராலும் முடியாது. திடீரென்று ஒரே இரவில் முடிந்துபோகவும் கூடும். வருடம் தாண்டவும் கூடும். அதனால் மருத்துவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளும் ஒரு கேள்வி உண்டு: "இவர் ஒரு வருடத்திற்குள் இறந்தார் என்று கேள்விப்பட்டால் நான் ஆச்சரியப்படுவேனா?" இந்தக் கேள்வியை நாமும் மருத்துவரிடம் கேட்கலாம். எங்கள் மருத்துவரிடம் என் கணவர் இதைக் கேட்டபோது, அவர் சற்று நேரம் மௌனமாயிருந்து, "ஆச்சரியப்படமாட்டேன்" என்றார்.

எங்கள் வீட்டில் நடந்த பேச்சு

அவர் இளவயது மராட்டிய மருத்துவர். மாமாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "காகா, இனி வரும் நாட்களில் உங்களுக்கு எது முக்கியம்?" என்று இந்தியில் கேட்டார். அதுவரை அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. மாமா உடைந்த இந்தியில் மூன்று காரியங்களைச் சொன்னார். இரவில் தூங்க வேண்டும். வீட்டில் பேத்தி பாடம் படிக்கும் சத்தம் கேட்க வேண்டும். ஊரிலிருக்கும் அக்காளைப் பார்க்க வேண்டும்.

ஒரு பெரிய பொது மருத்துவமனையின் பாலியேட்டிவ் கேர் பிரிவுக்கு அவர் கடிதம் கொடுத்தார். ஆனால் வீட்டில் ஒருமனம் இல்லை. மஸ்கட்டிலிருக்கும் என் கொழுந்தன் தொலைபேசியில், "மதினி, பணத்தைப் பற்றிக் கவலைப்படாதீங்க. எவ்வளவு ஆனாலும் அனுப்புறேன். அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரியில சேருங்க" என்று அழுதார். தூரத்திலிருக்கும் பிள்ளையின் வேதனை அது. பக்கத்திலிருந்து பார்க்க முடியாதவர்களுக்குப் பணம் ஒன்றே கைக்கு எட்டும் உதவி. அவரைக் கடிந்துகொள்ளாமல், மாமாவையே தொலைபேசியில் பேசவைத்தோம். "தம்பி, அந்தப் பணத்துல டிக்கெட் எடுத்துட்டு வா. பத்து நாள் என்கூட இரு" என்றார் மாமா. கொழுந்தன் வந்தார்.

சபை மூப்பர் ஒருவருக்கும் இது ஏற்கவில்லை. "சுகத்துக்காக உபவாசம் இருந்து ஜெபிக்கிறோம். நீங்கள் மரணத்துக்கு ஏற்பாடு செய்கிறீர்களே, இது அவிசுவாசம் அல்லவா?" என்று கேட்டார். அன்பினால்தான் கேட்டார். நம் சபைகளில் இந்தக் கேள்வி எழாமல் இராது. அன்று எங்கள் வீட்டிலிருந்த பாஸ்டர் ஐயா சொன்ன பதிலை நான் மறக்கவில்லை.

"எசேக்கியா ராஜாவின் ஆயுளோடு 15 வருஷம் கூட்டிக்கொடுத்தவர்தான், மரித்த பிள்ளையை எழுப்பின எலிசா தீர்க்கதரிசியை வியாதியிலேயே எடுத்துக்கொண்டார். இரண்டும் ஒரே புத்தகத்தில்தான் எழுதியிருக்கிறது. எலிசாவின் விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்வதில்லையே. சுகத்துக்காகக் கடைசி மூச்சுவரை ஜெபிப்போம். அதுவரை பெரியவர் திணறாமல் தூங்குவதற்குச் செய்ய வேண்டியதையும் செய்வோம்."

அன்று முதல் அந்த மூப்பரே வாரத்தில் ஓர் இரவு மாமாவுக்குத் துணையாக வந்து உட்கார்ந்தார்.

ஊருக்கா, இங்கேயா?

நகரத்தில் வாழும் நமக்கென்று ஒரு கேள்வி உண்டு. "கடைசிக் காலத்தில் ஊருக்குக் கொண்டுபோய்விடுங்கள்" என்று கேட்கும் பெரியவர்கள் அநேகர். மும்பையிலிருந்து திருநெல்வேலிச் சீமைக்கு ரயிலில் 30 மணி நேரத்திற்கும் மேல் ஆகும். அப்படிப் போக விரும்பினால், அவர் உட்கார்ந்து பயணம் செய்யும் நிலையில் இருக்கும்போதே, மருத்துவரின் கடிதத்தோடும் மருந்துகளோடும் புறப்பட வேண்டும். படுத்தபின் பயணம் வேதனையாகிவிடும். அங்கே பகலிலும் இரவிலும் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்பதையும் எண்ண வேண்டும். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டிற்கே வந்து தரும் ஆதரவுச் சிகிச்சையும் அடங்கும். ஊரிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளலாம்.

மாமா வேறுவிதமாக முடிவு செய்தார். "ஊர்ல வீடு இருக்கு. வீட்டுக்குள்ள யார் இருக்கா? அக்காளை இங்கே வரச் சொல்லுங்க" என்றார். யாக்கோபும் பிறந்த தேசத்தைவிட்டு எகிப்தில், பிள்ளைகள் சூழ்ந்திருக்கத்தான் கண்மூடினார். 78 வயதான அக்காள் ஜூலை மாதத்தில் ஒரு மூட்டைக் கருப்பட்டியோடு வந்து இறங்கினார்கள். தம்பியின் கட்டிலருகே பாய் போட்டுக்கொண்டார்கள்.

வீட்டில் செய்தவை

எங்கள் வீடு பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரே அறை. இருந்தும் முடிந்தது. கட்டிலை ஜன்னலோரம் போட்டோம். முதுகுக்குச் சாய்மானம் வைத்தோம். கழிப்பறை நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். மேசை விசிறியை முகத்திற்கு நேராக வைத்தோம். முகத்தில் காற்று படுவதே மூச்சுத்திணறும் உணர்வைத் தணிக்கும் என்று செவிலியர் சொன்னார். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு குறையாதவருக்கு ஆக்சிஜன் சிலிண்டரால் பெரிய பயனில்லை என்பதும் அப்போது அறிந்தது.

ஆறுதல் பராமரிப்பு என்றால் மருந்துகளை எல்லாம் நிறுத்திவிடுவது என்று எண்ண வேண்டாம். நீர் மாத்திரைதான் மூச்சுக்கு ஆறுதல். ஆகையால் அது தொடர்ந்தது. தினமும் காலையில் எடை பார்த்து எழுதிவைத்தோம். எடை சட்டென்று கூடினால் செவிலியருக்குத் தொலைபேசியில் தெரிவிப்போம். மருத்துவர் சொன்னபடி ஒரு மாத்திரை கூட்டுவோம். பல வருடம் கழித்துப் பலன் தரும் கொலஸ்ட்ரால் மாத்திரை போன்றவற்றை மருத்துவரே நிறுத்தினார். மூட்டு வலிக்காக மருந்துக் கடையில் தாமாக வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகள் உடலில் நீரைத் தேக்கி இருதயத்தை மோசமாக்கும் என்று எச்சரித்தார்.

மார்ஃபின் என்றதும் நாங்கள் பயந்தோம். சிறிய அளவில் கொடுக்கும்போது அது மூச்சுத்திணறலின் தவிப்பைக் குறைக்கும் என்றும், மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கும் அளவு மரணத்தை விரைவுபடுத்தாது என்றும் விளக்கினார்கள். மலச்சிக்கல் வரும்; அதற்கு மருந்து சேர்த்தே தருவார்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு அளவையோ மருந்தையோ மாற்றுவார்கள். நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கடும் விதிகளால் நோயாளிகளுக்கு மார்ஃபின் கிடைப்பதே அரிதாயிருந்தது. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டபின் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிலையங்களில் பெறுவது எளிதாயிற்று. அந்த மருந்து தொடங்கிய மூன்றாம் இரவு மாமா ஐந்து மணி நேரம் தூங்கினார். நாங்கள்தான் எழுந்து எழுந்து பார்த்தோம்.

பத்து வருடமாகக் கருவாட்டை அவர் கண்ணால் கண்டதில்லை. உப்புக் கூடாதே! ஒருநாள் செவிலியரிடம் வெட்கத்தோடு கேட்டார். மருத்துவர், "வாரத்தில் ஒருநாள், ஒரு சிறு துண்டு. அன்று ஒரு நீர் மாத்திரை கூடுதலாக" என்று அனுமதித்தார். அக்காள் வைத்த குழம்பில் அந்தத் துண்டை அவர் அரைமணி நேரம் வைத்துச் சாப்பிட்டார்.

ஜெபிக்க வருகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். மூச்சு வாங்குகிறவரால் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல முடியாது. இருபது பேர் ஒரே அறையில் கூடினால் காற்றே இராது. இருவர் இருவராக வாருங்கள். பத்து நிமிடம் போதும். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில் ஜெபியுங்கள்.

முன்கூட்டியே செய்ய வேண்டிய ஏற்பாடுகள்

நெஞ்சில் ஐ.சி.டி. என்ற அதிர்ச்சிக் கருவி பொருத்தியிருப்பவர்களின் குடும்பம் மருத்துவரிடம் ஒன்றைக் கேட்டு வைக்க வேண்டும். அந்தக் கருவி கடைசி மணி நேரங்களிலும் அதிர்ச்சி கொடுத்து நோயாளியைத் துடிக்கவைக்கக்கூடும். அறுவை சிகிச்சை இல்லாமலே அதன் அதிர்ச்சிப் பகுதியை நிறுத்திவைக்கலாம். சாதாரண பேஸ்மேக்கர் இதனின்று வேறானது.

வென்டிலேட்டர் போன்றவை வேண்டுமா வேண்டாமா என்பதை முன்னதாகவே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-ஆம் தேதி ஏற்றுக்கொண்டது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். இது உயிரை மாய்த்துக்கொள்வது அன்று. பயனற்ற சிகிச்சையை மறுப்பது மாத்திரமே.

வீட்டில் மரணம் நேர்ந்தால், மரணத்தின் காரணத்தைக் குறித்து மருத்துவர் தரும் சான்றிதழ் தேவை. கல்லறைத் தோட்டத்திலும் அதைக் கேட்பார்கள். ஆகையால் நோயாளியை அறிந்த உள்ளூர் மருத்துவர் ஒருவரிடம் முன்னரே பேசிவையுங்கள். நடு இரவில் அலைய நேராது. மரணத்தை 21 நாட்களுக்குள் பதிவுசெய்ய வேண்டும்.

பாலியேட்டிவ் கேர் எங்கே கிடைக்கும் என்று தெரியாவிட்டால், உங்கள் நகரத்துப் பெரிய அரசு மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரியிலும் முதலில் கேளுங்கள். புற்றுநோய்க்கு மாத்திரமா, இருதய நோய்க்கும் உண்டா என்று தெளிவாகக் கேளுங்கள். கேரளத்தில் அரசே 2008-ல் இதற்கென்று ஒரு கொள்கையை வகுத்து, ஊராட்சிகள் மூலம் வீட்டுப் பராமரிப்பைப் பரப்பியது. மற்ற மாநிலங்களில் நாம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கடைசி நாட்கள்

கடைசி வாரத்தில் மாமா அதிகமாகத் தூங்கினார். இரண்டு கரண்டிக் கஞ்சியே போதும் என்றார். "ட்ரிப் ஏற்றலாமே" என்று அண்டைவீட்டார் சொன்னார்கள். தளர்ந்த இருதயத்திற்கு அந்த நீர் நுரையீரலில்தான் போய்ச் சேரும், திணறலைக் கூட்டும் என்று செவிலியர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். வாயைத் துணியால் நனைத்தோம். கால்கள் குளிர்ந்தன. மூச்சு நின்று நின்று வந்தது. இவை இயல்பாக வருபவை என்று முன்னமே அறிந்திருந்ததால் ஆம்புலன்ஸை அழைக்க நாங்கள் ஓடவில்லை. 2019 அக்டோபரில் ஒரு விடியற்காலை, அக்காள் அவர் கையைப் பிடித்திருக்க, அத்தை தலைமாட்டில் ஜெபித்துக்கொண்டிருக்க, அவர் மூச்சு அடங்கியது.

பிரியமானவர்களே, எல்லா வீட்டிலும் இது இவ்வளவு அமைதியாக நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். பராமரிக்கிறவர் களைத்துப்போவார். ஆகையால் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஓர் இரவு உட்கார ஒருவர், மருந்து வாங்கிவர ஒரு வாலிபர், மதியம் இரண்டு மணி நேரம் வீட்டுக்காரப் பெண்மணி தூங்குவதற்குத் துணையாக ஒரு சகோதரி என்று முறை வைத்து ஏற்பாடு செய்யுங்கள். எங்களைத் தாங்கியது அந்த உதவியே.

உங்கள் வீட்டிலும் இருதயம் தளர்ந்து, படிப்படியாக இறங்கிக்கொண்டிருக்கும் பெரியவர் இருந்தால், அடுத்த மூச்சுத்திணறல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நெருக்கடியின் நடுவில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் பயத்தின் முடிவாகவே இருக்கும். அவர் தெளிவாயிருக்கும் ஒரு மாலைப்பொழுதில் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்கு எது முக்கியம்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை இருதய மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அதற்கான பெலனையும் ஞானத்தையும் கர்த்தர்தாமே உங்கள் குடும்பத்திற்குத் தந்தருளுவாராக. ஆமென்.